இறைப்பு நாள்

பலெர்மோவுக்கும் பகேரியாவுக்கும் இடையே முன்பு ஒரு மின்சார வண்டி ஓடியது. இப்போது ஓடுகிற ரயிலைச் சொல்லவில்லை, பிள்ளைகளே, அது வேறு. இது தெருவோரமாக, எலுமிச்சைத் தோட்டத்து மதில்களை உரசிக்கொண்டு ஒற்றைப் பெட்டியாய் ஓடிய வண்டி. தலைக்கு மேலே கம்பி, கம்பியைத் தொட்டபடி ஒரு நீண்ட கோல், கீழே தண்டவாளம். புகையில்லை, குதிரையில்லை. அது முதன்முதல் வந்த நாளில் தோட்டத்துப் பெண்கள் எலுமிச்சைக் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்களாம். பேய் தள்ளாமல் இப்படியொரு பெட்டி எப்படி நகரும்? ஒரு மாதம் போனதும் அதே பெண்கள் அதே பெட்டிக்குள் கூடையோடு ஏறி, இடத்துக்காக ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளினார்களாம்.

பகேரியாவில் அந்தக் காலத்துப் பிரபுக்களின் மாளிகைகள் நிறைய. மாளிகைக்காரர்கள் வண்டி விட்ட கம்பனியிடம் ஒரு பிடியாய் நின்றார்கள். எங்கள் வாசலுக்கு நேரே கம்பம் நட்டுக் கண்ணைக் கெடுக்காதே என்றார்கள். வண்டியின் கம்பியை மறைக்க முடியாது. வண்டிக்கு மின்சாரம் கொண்டுவரும் பெரிய கேபிளை மறைக்கலாம். கம்பனி அதை நிலத்துக்குள் விட்டது. பலெர்மோப் பக்கத்திலிருந்து பகேரியா வரை வாய்க்கால் வெட்டி, உள்ளே கல் பாவி, அதற்குள் கேபிளைக் கிடத்தி, மேலே கற்பலகை போட்டு மூடினார்கள். ஒரு ஆளின் கை மொத்தத்தில் கேபிள். நடுவில் மூன்று செம்புத் தண்டுகள், சுற்றிவர ஈயம், ஈயத்துக்கு மேலே தார் தோய்த்த சணல். வாய்க்கால் வெட்டும்போது ஒரு மழை நாளில் கரை சரிந்து இரண்டு கூலிகள் உள்ளே போனார்கள். அவர்களின் பிணத்தை எடுத்த கையோடு கேபிளை இறக்கிவிட்டார்கள். மாளிகைக்காரர்களின் பெயர் தெருக்களுக்கு இருக்கிறது. அந்த இருவரின் பெயர் எங்கேயும் இல்லை.

பிறகு பஸ் வந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் யுத்தம் வந்தது. வண்டி நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்துப் பீரங்கி வார்க்கக் கொண்டுபோனார்கள்; மேலே ஓடிய கம்பியையும் அறுத்துக்கொண்டு போனார்கள். நிலத்துக்குள் கிடந்ததைத் தோண்ட அப்போது ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அது அப்படியே கிடந்தது.

இவ்வளவும் சின்யோரா செலஸ்ரீனா தன் வாயால் அருள்நாயகிக்குச் சொன்னது. செலஸ்ரீனாவின் தகப்பன் அந்தப் பாதையில் கம்பி பார்க்கும் வேலைக்காரன். செலஸ்ரீனா பகேரியாவில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தட்டில், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல், கட்டிலோடு கிடந்தார். அவரைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, தலை வாரி, சாப்பாடு ஊட்டுவது அருள்நாயகியின் வேலை. தலை வாரும்போதுதான் கிழவிக்குக் கதை வரும். வண்டி நின்ற இடம்வரை ஆசையாய்ச் சொல்வார். அதற்குப் பிறகு அந்தக் கேபிள் என்ன ஆனது என்று கேட்டால், "முடிச்சை இறுக்கிக் கட்டு" என்று தலையைத் திருப்பிவிடுவார். அவர் பேசியது இத்தாலியமும் சிசிலியனும். அதையும் இனி வரும் மற்ற அந்நியரின் பேச்சையும் நான் நம்முடைய பேச்சில் தருகிறேன்.

அருள்நாயகி யாழ்ப்பாணத்து அளவெட்டிப் பெண். முப்பது வயதைத் தாண்டியவள். புருஷன் இராஜதுரை தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை; வெங்காயமும் மிளகாயும் நட்டு, கிணற்றில் முறை வைத்து இறைத்து வளர்ந்தவன். இரண்டு பேரும் பலெர்மோவில் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு ஒற்றை அறையில் இருந்தார்கள். நான் சொல்வது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆடி மாதம். எங்கள் பெண்களுக்குப் பலெர்மோவில் வேலை கிடைத்துவிடும். கிழவிகளுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே குறைவில்லை. ஆம்பிளைகள்தான் திண்டாடினார்கள். இராஜதுரை கோப்பை கழுவிய சாப்பாட்டுக்கடை பூட்டப்பட்டுவிட்டது. மாதக்கணக்காக அவன் காலையில் புறப்பட்டு, ஸ்டேஷன் முன்னால் கூலிக்கு ஆள் எடுப்பவர்களைப் பார்த்து நின்று, வெயில் ஏறியதும் திரும்பி வந்தான்.

ஒரு நாள் அவன் சப்பாத்துக்குள் காலை விடும்போது அருள்நாயகி வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"எங்கை போறியள்?"

அவன் சப்பாத்தைக் கழற்றினான். திரும்பி வந்து கதிரையில் இருந்தான்.

"கேட்டிட்டீர் எல்லோ. இனிப் போய் என்ன செய்ய?"

"ஐயோ, வாய் தவறிப் போச்சுதப்பா. இந்தாங்கோ, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"உம்மடை வாய் ஒவ்வொரு நாளும் தவறுது. நான் ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடை வாறன்."

வாசலைத் தாண்டப் போகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெடும். அது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. பலெர்மோவுக்கு வந்தும் அது நம்மை விடவில்லை. அன்றைக்கும் அவன் வேலையில்லாமல்தான் திரும்பினான். அதன் பிறகு அருள்நாயகி வாசலில் வாயே திறப்பதில்லை என்று தனக்குள் முடிவெடுத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமையே பீலிக்ஸ் வந்தான். பீலிக்ஸ் மொரீசியஸ்காரன். அவனுடைய பாட்டன் பூட்டன் தமிழர்கள்; அவனுக்குப் பிறப்பில் கிடைத்த தமிழ் காவடிப் பாட்டோடு சரி. மிச்சத்தை நம்மவர்களோடு புழங்கிப் பழகி, யாழ்ப்பாணத்தான் போலவே கதைப்பான். பலெர்மோவின் ஓரத்தில், பிரான்காச்சோவில் பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒரு சிசிலியனிடம் வேலை செய்தான். முதலாளியின் வான் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அருளக்கா, உங்கடை துரையை ரெண்டு கிழமைக்குக் கடன் தருவீங்களோ?"

"கூட்டிக்கொண்டு போம், தம்பி. வீட்டிலை வைச்சிருந்து நானும் அலுத்துப் போனன்."

"திருப்பித் தருவன். கொஞ்சம் ஊத்தையாத் தருவன்."

அருள்நாயகி சிரித்தாள். இராஜதுரையும் சிரித்தான், எத்தனையோ நாளைக்குப் பிறகு. என்ன வேலை, எங்கே என்று அவள் கேட்கவில்லை. புறப்படுகிறவன் வாசலில் நின்றான் அல்லவா.

பின்னேரம் வந்தவன் தோளெல்லாம் மண். "என்ன வேலையப்பா?" என்றாள். "கிண்டுற வேலை" என்றான். அவ்வளவுதான். யாரிடமும் கதைக்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். ஏதோ கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவனுடைய சேர்ட்டில் ஒரு கறுப்பு ஒட்டியிருந்தது. சவர்க்காரம் போட்டுக் கசக்கினாலும் போகவில்லை. தார் நாற்றம். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி.

வியாழக்கிழமை காலையில் அவனுடைய பைக்குள் இரும்பு அரிகிற வாளைக் கண்டாள். அத்திவாரம் வெட்டுகிறவனுக்கு வாள் எதற்கு? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவன் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"போட்டு வாறன்."

"ஓம். போட்டு வாங்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் போன பிறகு முதல்நாள் சேர்ட்டை இன்னொருதரம் ஊறவைத்துக் கசக்கிக் காயப்போட்டுவிட்டு, பகேரியா ரயிலுக்கு ஓடினாள். பகேரியாவில் இறங்கி நடக்கையில் பழைய வண்டிப்பாதை ஓரமெல்லாம் புது மண் கிளறிக் கிடந்தது. இரண்டு மூன்று நாளாக அப்படித்தான் கிடந்தது. தண்ணீர்க்குழாய் போடுகிறார்கள் என்று நினைத்தபடி தாண்டிப் போனாள்.

மத்தியானம் செலஸ்ரீனாவின் தலையைத் தூக்கித் தலையணையைச் சரிசெய்தாள். கிழவி அவளுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். பிடித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அருலீனா, என்ன மணம் இது?" கிழவியின் வாயில் அவளுடைய பெயர் அப்படித்தான் வரும்.

"சேர்ட் தோய்ச்சனான், சின்யோரா. புருஷன்ரை சேர்ட்."

"இது எங்கடை அப்பாவின்ரை மணம்." கிழவியின் கண் பெரிதாகிவிட்டது. "இந்தத் தாரை நான் பிறந்த நாளிலையிருந்து மணந்தனான். சணலிலை பூசுற தார். இது இப்ப ஒரு இடத்திலையும் இல்லை, அந்தக் கேபிளைத் தவிர. உன்ரை புருஷன் என்ன வேலை செய்யிறான்?"

"கிண்டுற வேலை."

"எங்கை?"

அருள்நாயகி தலையணையை விட்டு நிமிர்ந்தாள். கிளறிய மண் நினைவுக்கு வந்தது. வாள் நினைவுக்கு வந்தது.

"இஞ்சை, வாசலாலை வாற பழைய பாதையிலை மண் கிண்டிக் கிடக்கு, சின்யோரா. இஞ்சையிருந்து பலெர்மோப் பக்கமாப் போகுது."

கிழவி கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. செபம் சொல்கிறாரா, யாரையும் திட்டுகிறாரா என்று தெரியவில்லை.

"சொல்லுங்கோ சின்யோரா. என்ன அதிலை?"

"எனக்கொண்டும் தெரியாது."

"தெரியாமலோ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறியள்?"

கிழவி ஜன்னலைப் பார்த்தார். "அதைச் சாத்து" என்றார். அந்த வெக்கையில் அருள்நாயகி ஜன்னலைச் சாத்தினாள். அதன் பிறகுதான் கிழவி சொன்னார், மெல்ல, சுவருக்கும் கேட்காத குரலில். பயப்படுகிறவர்களின் குரல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே, என் செல்வங்களே.

யுத்தம் முடிந்த பிறகு பகேரியாவுக்குக் கிட்ட, வண்டிப்பாதை ஓரத்தில் இருந்த ஒரு பெரிய எலுமிச்சைத் தோட்டத்துக்காரர் செலஸ்ரீனாவின் தகப்பனைக் கூப்பிட்டிருக்கிறார். அவருடைய பெயரைக் கிழவி சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் பேசவேண்டிய ஆட்கள் அங்கே உண்டு. பிரான்காச்சோவில் ஊர் மின்சாரத்திலிருந்து ஒரு இழுவை எடுத்து, அதைப் பழைய கேபிளின் தலையில் பூட்டு என்றாராம். கணக்குக்கும் வராது, கண்ணுக்கும் தெரியாது. மின்சாரம் நிலத்துக்கடியால் தோட்டம்வரை வரும், தோட்டத்தில் இறைப்பு மிசின் ஓடும். தகப்பன் மறுக்கவில்லை. மறுத்தவர்கள் அங்கே உயிரோடு இருக்கவில்லை. பூட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த மிசின் அப்படித்தான் ஓடியது. தோட்டம் இப்போது மகனுடைய கையில்.

"மிசினுக்கு இங்காலை, பகேரியாப் பக்கம் கேபிள் செத்துப்போச்சு. அதை வெட்டலாம், ஒண்டும் செய்யாது," என்றார் கிழவி. "மிசினைத் தாண்டினா உயிர். வியாழக்கிழமை பின்னேரம் அந்தத் தோட்டத்துக்கு இறைப்பு. இண்டைக்கு என்ன நாள்?"

"வியாழன்."

"ஓடு. பெரிய தண்ணித் தொட்டியும் பக்கத்திலை ஊசிமாதிரி நெடுத்த ஒரு மரமும் நிக்கும். பஸ்காரனிட்டைத் தொட்டியடி எண்டு சொல்லு. நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாதை, அருலீனா. நான் இந்தக் கட்டிலிலைதான் சாகவேணும்."

கிழவிக்குத் தண்ணீர்கூட வைக்காமல் அருள்நாயகி ஓடினாள். பிரான்காச்சோப் பக்கம் போகும் பஸ் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது உள்ளே ஒரே வெக்கை. ஜன்னலோரம் நின்று மண்ணையே பார்த்தபடி போனாள். கிளறிய மண் பஸ்ஸோடு கூடவே வந்தது. மதில் ஓரத்தில் மறைந்து, மறுபடியும் வந்தது. இதோ முடியும், இதோ முடியும் என்று பார்த்தாள். தண்ணீர்த்தொட்டியும் ஊசிமரமும் தெரிந்தன. கிளறிய மண் தொட்டியையும் தாண்டிப் போயிருந்தது.

அவள் இறங்கி மதிலோரமாக ஓடினாள். வான் நின்றது. வானுக்கு அப்பால் வாய்க்கால். கற்பலகைகளைப் பெயர்த்து ஒரு பக்கம் அடுக்கியிருந்தார்கள். பீலிக்ஸ் கரையில் குந்தியிருந்து பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். இராஜதுரை முழங்காலளவு சேற்றில், கேபிளில் வாளை வைத்து அரிந்துகொண்டிருந்தான்.

"அருளக்கா!" பீலிக்ஸ் எழும்பினான். "சாப்பாடு கொண்டு வந்தீங்களோ? இல்லையோ? பிறகு ஏன் வந்தீங்கள்?"

"மேலை வாங்கோ!" அவள் அவனைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்துக் கத்தினாள். "இஞ்சாருங்கோ, மேலை வாங்கோ. அதுக்குள்ளை கரண்ட் இருக்கு!"

இராஜதுரை நிமிர்ந்து, முதலில் பீலிக்ஸைப் பார்த்தான். வேலை செய்கிற இடத்துக்குப் பெண்சாதி ஓடிவந்துவிட்டாளே என்ற வெட்கம் முகத்தில் தெரிந்தது.

"ஆர் உமக்கு இடம் சொன்னது?"

"அதை விடுங்கோ. மேலை வாங்கோ."

"நாலு நாளா வெட்டுறம். கரண்ட் இருந்திருந்தா நான் இப்ப கதைச்சுக்கொண்டோ நிப்பன்?" அவன் வாளை உதறினான். "எனக்குக் கம்பி காட்ட வாறா. தொண்ணூறிலை கரண்ட் போனாப் பிறகு லைன் கம்பியிலை உடுப்புக் காயப்போட்டனாங்கள் எல்லோ? நீரும்தானே போட்டனீர். தண்டவாளத்தைப் பெயர்த்து பங்கருக்குக் கொண்டுபோனது ஆர்? நானும் ராசன் அண்ணையும். செத்த கம்பி செத்ததுதான்."

பிள்ளைகளே, அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் ஊரைவிட்டு வரும்போது அங்கே யுத்தத்தால் கரண்ட் போய் மூன்று வருஷம். கம்பிகள் காகம் இருக்கவும் கொடி கட்டவும்தான் உதவின. கம்பிக்குப் பயப்படுவதை அந்தச் சனம் மறந்துபோயிருந்தது. இராஜதுரையும் மறந்துபோயிருந்தான்.

"பொறுங்கோ, அக்கா பயந்துபோனா," என்றான் பீலிக்ஸ். வானுக்குள்ளிருந்து ஒரு பல்ப்பை எடுத்து வந்தான். இரண்டு வயர் தொங்கியது. வாய்க்காலுக்குள் இறங்கி, அன்று காலை வெட்டிய முனையில் செம்புத் தண்டுகளுக்கு வயர்களை மாறி மாறி வைத்துக் காட்டினான். பல்ப் எரியவில்லை. "பாத்தீங்களோ? சவம். கோயிலுக்குப் போறதெண்டாப் போங்கோ, எங்களை விடுங்கோ."

அருள்நாயகி மதிலில் கையை ஊன்றி நின்றாள். எரியவில்லை. கிழவிக்கு வயதாகிவிட்டது, எந்தக் காலத்துக் கதையையோ சொல்லியிருக்கிறார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இராஜதுரை வாளை மறுபடியும் கேபிளில் வைத்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் ஒருவன் மண்வெட்டியோடு தண்ணீர் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தான். மரத்துக்கு மரம் பாத்தியைத் திறந்துவிட்டு, தண்ணீர் வரப்போகும் வழியைச் சீராக்கினான். அதைப் பார்த்ததும் அவளுக்கு மிச்சமும் விளங்கியது.

"இண்டைக்கு வியாழன்," என்றாள். "இந்தத் தோட்டத்துக்கு இண்டைக்குப் பின்னேரம் இறைப்பு முறை. மிசினுக்குக் கரண்ட் இதாலைதான் வருகுதாம். முறைக்குத்தான் விடுவினமாக்கும். இப்ப பல்ப் எரியாது. விட்டாத்தான் எரியும்."

இராஜதுரையின் கை நின்றது.

கரண்டைப் பற்றி அவள் எவ்வளவு சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருக்கமாட்டான். முறை என்றதும் அவனுக்குப் பட்டது. கிணற்றடியில் முறை தவறினால் வெட்டுக்குத்து வரும் என்று தெரிந்தவன். மதிலுக்கு மேலால் எட்டி, மண்வெட்டிக்காரனைப் பார்த்தான். திறந்த பாத்திகளைப் பார்த்தான். வெயில் எங்கே நிற்கிறது என்று பார்த்தான்.

"ஓம். இறைக்கப்போறாங்கள்," என்றான். வாளைக் கரையில் எறிந்துவிட்டு மேலே ஏறினான்.

பீலிக்ஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எலுமிச்சை மரத்துக்குப் பயந்த முதல் தமிழன்! துரை, முதலாளி இப்ப வந்திடுவார். இந்தத் துண்டு ஒண்டுதான். மிச்சத்தையும் அரிஞ்சு வானிலை போட்டிட்டுப் போவம்."

"வேண்டாம் பீலிக்ஸ். நாளைக்கு எடுப்பம்."

"நாளைக்கு நீ வருவியோ, அக்கா விடுவாவோ ஆருக்குத் தெரியும்? நீ இரு. அக்காவின்ரை சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு இரு."

அவன் சேற்றில் குனிந்து, இன்னும் அறாத அந்தக் கேபிளின் காலையில் வெட்டிய முனையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான்.

எங்கேயோ, பிரான்காச்சோவில், யாரோ ஒருவர் சுவிட்சைப் போட்டார். அவர் எலுமிச்சை மரங்களுக்குத் தண்ணீர் விட்டார். வேறொன்றும் அவர் நினைத்திருக்கமாட்டார்.

பீலிக்ஸ் கத்தவில்லை. பல்லுக்குள்ளால் "து… து…" என்று ஒரு சத்தம் வந்தது. கேபிளை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி விறைத்து நின்றான். கண் இராஜதுரையைத்தான் பார்த்தது.

இராஜதுரை பாய்ந்தான். அருள்நாயகி பின்னாலிருந்து அவனுடைய இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் கரையில் விழுந்தார்கள். "விடும்! விடும் எண்டுறன்!" அவன் முழங்கையால் இடித்தான். அவளுடைய உதடு வெடித்து இரத்தம் வந்தது. அவள் விடவில்லை. அவனுடைய பெல்ட்டுக்குள் விரலைக் கொளுவி, காலைக் காலில் பின்னி, முகத்தை அவனுடைய முதுகில் புதைத்துக்கொண்டாள். அவனைவிட அவள் பலசாலியில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அவன் நிலத்தைப் பிறாண்டினான். "பீலிக்ஸ், பீலிக்ஸ்" என்று அழைத்தான். வாய்க்காலுக்குள் அந்தச் சத்தம் மெலிந்து மெலிந்து போனது. பிறகு உடம்பு தானாகச் சரிந்து, கேபிள் கையைவிட்டு நழுவி, சேற்றில் ஒரு பொரியல் சத்தம் கேட்டு அடங்கியது.

அவள் அப்போதும் பிடியை விடவில்லை.

முதலாளி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவனைக் காணவில்லை. சுவிட்சும் யாராலோ நிறுத்தப்பட்டிருந்தது. முதலாளி ஒரு காய்ந்த தடியால் கேபிளைத் தட்டிப் பார்த்தார், பொறி பறக்கவில்லை. அவர் பீலிக்ஸைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார், முகம் வெளிறிப்போனது. இரும்புக்காரருக்கும் பயம்தான். யாருடைய மின்சாரத்தை வெட்டியிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"இவன் இஞ்சை சாகேல்லை," என்றார். "வீட்டிலை செத்தவன். குளிக்கப் போனவன், தண்ணி சுடவைக்கிற போய்லரிலை கரண்ட் அடிச்சுது. விளங்கிச்சோ? நீ இஞ்சை வரேல்லை. உன்ரை மனுசியும் வரேல்லை. இந்தத் தோட்டத்துக்காரருக்கு நீ இஞ்சை நிண்டது தெரிஞ்சா, என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது."

பீலிக்ஸின் வீடு பிரான்காச்சோவில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாம் மாடி. வானில் அங்கே கொண்டுபோய், அவனுடைய பொக்கற்றிலிருந்தே கதவுத் திறப்பை எடுத்தார்கள். முதலாளி தலைமாட்டைப் பிடித்தார், இராஜதுரை காலைப் பிடித்தான். அவர்கள் படியேறும்போது ஒவ்வொரு தட்டிலும் கதவுகள் மெதுவாகச் சாத்தப்பட்டன. ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. குளியலறையில் கிடத்தி, ஷவரைத் திறந்துவிட்டு, போய்லரின் மூடியைக் கழற்றி வயரை இழுத்துவிட்டு, "அவன்ரை பெண்சாதி ஷாந்தால் வந்தாச் சொல்லுங்கோ. நீங்கள்தானே அவையின்ரை ஆக்கள்" என்றுவிட்டு முதலாளி இறங்கிப் போனார். செம்பை ஏற்றிய வான் கீழே ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் குசினியில் இருந்தார்கள். மேசையில் பீலிக்ஸின் காலைக் கோப்பி குடித்த கோப்பை கழுவாமல் இருந்தது.

"விட்டிருக்கலாம்," என்றான் இராஜதுரை.

"விட்டிருந்தா ரெண்டு பிரேதம்."

"என்னைத்தான் பாத்தவன். கடைசி மட்டும் என்னைத்தான் பாத்தவன்."

"பாத்தவர்தான். எனக்கும் கண் இருக்கு." அவள் வெடித்த உதட்டைத் துடைத்தாள். "ஷாந்தாலுக்கு அந்தாள் சொன்னதைத்தான் சொல்லவேணும். கேக்குதோ? வேறை ஒண்டும் வேண்டாம். நீங்கள் அங்கை நிண்டதெண்டு வாயாலை வந்தா, நாளைக்கு உங்களை எங்கை தேடுறது?"

அவன் தன்னுடைய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகத்துக்குள் தோட்டத்து மண்.

ஷாந்தால் வெயில் சாயும் நேரத்தில் வந்தாள். நகரத்தில் மாடிப்படிகள் துடைக்கிறவள். கையில் வாளி; அவளிடம் ஈரத்துணியின் மணம் எப்போதும் இருக்கும். கதவு திறந்து கிடந்ததைப் பார்த்து, வாசலிலேயே குரல் கொடுத்தாள்.

"பீலிக்ஸ், கதவைத் திறந்து போட்டிட்டு எங்கை போனாய்?" உள்ளே வந்ததும் அவர்களைக் கண்டாள். "ஓ, அருளா! எனக்குச் சொல்லாமல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவனோ? அவன் இப்படித்தான். வீட்டிலை முட்டைதான் இருக்கு." குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டாள். "குளிக்கிறானோ? விருந்தாட்களை இருத்திப்போட்டோ?"

அருள்நாயகி எழும்பினாள். சொல்லத் தொடங்கினாள். போய்லர் என்ற சொல் வந்தது, குளிக்கப் போனவர் என்பதும் வந்தது. ஷாந்தால் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். குளியலறையிலிருந்து முதலில் தண்ணீரை நிறுத்தும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் அழுத அழுகையை நான் எழுதமாட்டேன். நீங்கள் கேட்கவும் வேண்டாம்.

நெடுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். கையெல்லாம் சேறு.

"குளிக்கப் போனவன்ரை காலிலை ஏன் சப்பாத்து?" என்றாள். "ஏன் இவ்வளவு சேறு?"

அருள்நாயகி இராஜதுரையைப் பார்த்தாள். தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று.

"சொல்லு, துரை," என்றாள் ஷாந்தால். "நீதானே அவனோடை வேலை செய்தனீ."

"அது போய்லர் இல்லை, ஷாந்தால்," என்றான் இராஜதுரை.

அருள்நாயகியின் கை அவனுடைய வாயைப் பொத்தப் போனது. அவன் அந்தக் கையைப் பிடித்தான். கோபமாய்ப் பிடிக்கவில்லை. பிடித்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, மிச்சத்தையும் சொன்னான்.